செருப்பு தேயும், வீங்குமா?

போன வருஷம் அம்மாவோட வலது முட்டி திடீர்னு வீங்கிருச்சு. திடீர்னு சொல்றதுகூட தப்புதான், ரெண்டு மூணு வருஷமாவே மாடிப்படி ஏறும்போது கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நிக்கிறதும், தரையில உக்காந்தா எந்திரிக்க யாராவது கை குடுப்பாங்களான்னு பாக்குறதும் இருந்துச்சு, நாங்கதான் கண்டுக்கல. இந்தத் தடவ முட்டிச் சிப்பி எங்க இருக்குன்னே தெரியாத அளவுக்கு உருண்டு போச்சு, தொட்டா சூடு வேற. டாக்டர்கிட்ட போனோம். எக்ஸ்ரேயக் காட்டி, "இங்க பாருங்கம்மா, ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடைவெளி கொறஞ்சிருக்கு, ஜவ்வு தேஞ்சு போச்சு, வயசானா வர்ற தேய்மானம்தான், பயப்படாதீங்க"ன்னாங்க. ஊசி போட்டு கொஞ்சம் தண்ணியும் எடுத்தாங்க, தண்ணின்னா பச்சத் தண்ணி இல்ல, வெளிறின மஞ்சக் கலர்ல, சிரிஞ்சுல இழுத்தா நூல் மாதிரி இழுபடுற ஒரு கொழகொழப்பு.

வீட்டுக்குத் திரும்பி வர்ற வழியில அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏன்டி, செருப்பு தேயுது, டயர் தேயுது, அதெல்லாம் வீங்குதா? தேஞ்சா மெலிஞ்சுதானே போகணும், எனக்கு ஏன் வீங்குது, ஏன் சுடுது?"

என்கிட்ட பதில் இல்ல. "நீ சும்மா வாம்மா"ன்னுட்டேன். ஆனா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு, அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா படிச்சதத்தான் இங்க கொட்டப் போறேன். நான் டாக்டர் கிடையாது, அத மொதல்லயே சொல்லிடறேன், மருந்து மாத்திரைக்கு இத நம்பாதீங்க, உங்க டாக்டரக் கேளுங்க.

மொதல்ல இந்த "தேய்மானம்"ங்கிற வார்த்தையப் பத்தி. நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப வசதியான வார்த்தை, சொன்ன உடனே மனசுல ஒரு படம் வந்துரும், மிஷின் ஓடி ஓடி பார்ட்ஸ் தேயுற மாதிரி. அந்தப் படம் வந்ததும் ரெண்டு முடிவு தானா வந்துரும், ஒண்ணு, இத இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, இன்னொண்ணு, நடக்க நடக்க இன்னும் தேயும், அதனால உக்காந்தே இருக்கணும். எங்கம்மா ரெண்டாவது முடிவ அன்னைக்கே எடுத்துட்டாங்க, வாக்கிங் கட். ஆனா வெறும் தேய்மானம்னா நெறைய ஓடுறவங்க முட்டிதானே மொதல்ல போகணும்? 2017ல பல ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்துப் பாத்த ஒரு கணக்கு இருக்கு, சும்மா ஆரோக்கியத்துக்காக ஓடுறவங்கள்ல இடுப்பு முட்டி ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் (தேய்மானம்னு சொல்றோமே, அதுக்கு டாக்டருங்க வச்ச பேரு) 3.5 சதவீதம், ஓடாம உக்காந்தே இருக்குறவங்கள்ல 10.2 சதவீதம். போட்டிக்கு ஓடுற லெவல் ஆளுங்களுக்கு 13.3, அதையும் சொல்லித்தான் ஆகணும், இல்லன்னா பாதிக் கத சொன்ன மாதிரி ஆயிரும். முட்டி நல்லா இருக்குறவங்கதானே ஓடவே போவாங்கன்னு நீங்க கேட்டா அதுவும் நியாயமான கேள்விதான். அதத் தள்ளி வச்சாலும் இன்னொண்ணு இருக்கு, ஒடம்பு பருமனா இருக்குறவங்களுக்கு கை விரல் மூட்டுலயும் இது அதிகமா வருது. விரல் மேல யாரும் நடக்குறது இல்லயே.

அப்போ வேற என்னமோ நடக்குது. தமிழ்ல அதுக்கு அருமையான ஒரு வார்த்தை இருக்கு, அழற்சி. அழல்னா நெருப்பு. அம்மா முட்டி சுட்டது தேய்மானத்தால இல்ல, அழற்சியால. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்ங்கிற பேர்லயே கடைசில வர்ற "ஐட்டிஸ்"க்கு அர்த்தமும் அதேதான், ஆனாலும் ரொம்ப காலமா டாக்டர்களே இத அழற்சி இல்லாத மூட்டு வியாதின்னு ஒரு தனிப் பொட்டியில போட்டு வச்சிருந்தாங்க. அதுக்குக் காரணம் அந்த மஞ்சத் தண்ணி. மூட்டுல இருந்து எடுத்த தண்ணிய மைக்ரோஸ்கோப்ல வச்சு வெள்ளணுக்கள எண்ணுவாங்க, முடக்குவாதக்காரங்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர்ல பல ஆயிரம் இருக்கும், ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்ல பெரும்பாலும் 2000க்குக் கீழதான். அம்மாவோட ரிப்போர்ட்லயும் சில நூறுதான் இருந்துச்சு, ரத்தத்துல முடக்குவாதம் இருக்கான்னு பாக்குற ஆர்ஏ ஃபேக்டரும் நெகட்டிவ். படையெடுப்பு மாதிரி வந்தாத்தான் சண்டைன்னு நெனச்சதுனால, வீட்டுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்கா நடக்குற சண்டை கண்ணுக்குத் தெரியாமப் போச்சு.

சரி, இந்த ஜவ்வு, அதாவது குருத்தெலும்பு, அது என்னன்னு பாத்தா அசந்து போயிட்டேன். எலும்பு முனைய மூடி வழவழன்னு இருக்குற ஒரு மெத்தை, சில மில்லிமீட்டர் தடிமன்தான், முக்காவாசி தண்ணி. ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. கொலாஜன் நாருல பின்னின ஒரு வலை, அந்த வலைக்குள்ள அக்ரிகேன்னு ஒரு பெரிய மூலக்கூறு தண்ணிய இழுத்துப் புடிச்சு வச்சுக்கும், நாம காலை ஊன்றப்போ அந்தத் தண்ணி கொஞ்சம் பிதுங்கி வெளிய போகும், தூக்குறப்போ திரும்ப உள்ள வரும், அந்தப் போக்குவரத்துலதான் அதுக்கு சாப்பாடே. (உக்காந்தே இருக்குற முட்டி பட்டினி கெடக்குதுன்னு அர்த்தம், இதச் சொன்னதுக்கு அப்புறம்தான் அம்மா மறுபடி நடக்க ஆரம்பிச்சாங்க.) இதுக்குள்ள உயிரோட இருக்குற செல்லுங்க ரொம்பக் கம்மி, மொத்த இடத்துல நூத்துல சில பங்குதான், காண்ட்ரோசைட்னு பேரு, ஒவ்வொண்ணும் ஒரு சின்னக் குழிக்குள்ள தனித்தனியா ஒக்காந்திருக்கும். அந்தக் கொலாஜன் நாரோட பாதி ஆயுசு நூறு வருஷத்துக்கும் மேலன்னு கணக்குப் போட்டிருக்காங்க, அப்படின்னா சின்ன வயசுல கட்டின வலையத்தான் கடைசி வரைக்கும் வச்சு ஓட்டுறோம், அறுந்தா புதுசா பின்ன ஆள் கிடையாது. இவ்வளவு கெட்டியான ஒண்ண எது அழிக்குது?

இந்த எடத்துல ஒரு பாட்டியம்மா வர்றாங்க, எனக்கு இந்த மொத்தக் கதையிலயே ரொம்பப் புடிச்ச ஆளு. ஆனர் ஃபெல். 1900ல பொறந்தவங்க, கேம்பிரிட்ஜ்ல ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆராய்ச்சிக் கூடத்துக்கு 1929ல இருந்து 1970 வரைக்கும் டைரக்டர். செல்லையும் திசுவையும் ஒடம்புக்கு வெளிய கிண்ணத்துல வச்சு வளக்குறதுல பெரிய கை. டைரக்டர் பதவிய விட்டு எறங்கினதும் ஓய்வெடுக்காம மறுபடி கிண்ணத்தத் தூக்கிட்டு ஆராய்ச்சிக்கே போயிட்டாங்க, எழுபது வயசத் தாண்டி. பன்னி மூட்டுல இருந்து ஜவ்வ எடுத்து, மூட்டோட உள்பக்கத்த மூடியிருக்குற மெல்லிசான சவ்வு இருக்கு பாருங்க, சைனோவியம்னு சொல்வாங்க, மூட்டுத் தண்ணியச் சுரக்குறதே அதுதான், அதையும் எடுத்து ரெண்டையும் ஒரே கிண்ணத்துல வச்சுப் பாத்தாங்க. ஜவ்வு கரையுது. சவ்வு ஜவ்வ ஒட்டி இருந்தா அதோட என்சைம் அரிக்குதுன்னு சொல்லிட்டுப் போயிரலாம், ஆனா தள்ளி வச்சாலும் கரையுது. இதுக்கு மேலதான் விஷயமே, ஜவ்வுல இருக்குற செல்லுங்களக் கொன்னுட்டு அந்தச் செத்த ஜவ்வத் தள்ளி வச்சா, கரையல!

இத முதல் தடவ படிச்சப்போ நான் எந்திரிச்சு நின்னுட்டேன். யோசிச்சுப் பாருங்க, தூரத்துல இருந்து சவ்வு எதையோ அனுப்புது, அது நேரா வந்து ஜவ்வக் கடிக்கல, ஜவ்வுக்குள்ள இருக்குற உயிருள்ள செல்லுக்கு ஒரு சேதி சொல்லுது, அந்தச் செல்லே தான் கட்டின வீட்டத் தானே இடிக்குது. இது 1977ல ஃபெல்லும் அவங்ககூட வேல பாத்த ஜப்பும் எழுதின ஆராய்ச்சி. செருப்பு தன்னத் தானே தின்னுமா? தின்னாது. தேய்மானம்ங்கிற வார்த்த அங்கயே பாதி செத்துப் போச்சு, நம்ம காதுக்கு வந்து சேரத்தான் இத்தன வருஷம் ஆயிருக்கு.

அந்தச் சேதி கொண்டு போற பொருளுக்கு 1979ல கேடபாலின்னு பேர் வச்சாங்க, ஒடைக்கிறதுங்கிற அர்த்தத்துல. அந்த ஆராய்ச்சியில இருந்த ஜெரமி சக்லத்வாலா 80கள்ல அதச் சுத்தமாப் பிரிச்சு எடுத்துப் பாத்தா, அது புது ஆளே இல்ல. வேற வேற லேப்ல வேற வேற பேர்ல ஏற்கனவே தேடிக்கிட்டு இருந்த அதே புரோட்டீன். ஒரு கூட்டம் காய்ச்சல் எப்படி வருதுன்னு தேடிப் போயி இதப் புடிச்சு வச்சிருந்தாங்க, இன்னொரு கூட்டம் வெள்ளணுக்கள யாரு உசுப்பி விடுறதுன்னு தேடிப் போயி இதையே புடிச்சிருந்தாங்க. இந்த ரெண்டு தரப்பும் சேந்து அதுக்கு முன்னாடியே 1979ல ஸ்விட்சர்லாந்துல எர்மாட்டிங்கன்ங்கிற ஊர்ல நடந்த கூட்டத்துல ஒரே பேரா இன்டர்லியூக்கின்-1னு வச்சுட்டாங்க. காய்ச்சலுக்கு ஒடம்பு கொதிக்க வைக்கிற அதே புரோட்டீன் முட்டிக்குள்ளயும் வேல பாக்குது. அழல்னு பேர் வச்ச நம்மாளு சும்மா வைக்கல.

இது எப்படி வேல பாக்குதுன்னு சுருக்கமாச் சொல்றேன், சுருக்கமா வருதான்னு பாப்போம். இன்டர்லியூக்கின்-1ல ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு இருக்கு. பீட்டா செல்லுக்குள்ள மொதல்ல உறைக்குள்ள போட்ட கத்தி மாதிரி செயல்படாத நெலமையில இருக்கும், ஆபத்துன்னு தெரிஞ்சா இன்ஃப்ளமசோம்னு ஒரு புரோட்டீன் கூட்டணி ஒண்ணு சேரும், காஸ்பேஸ்-1ங்கிற என்சைம் அந்த உறைய வெட்டி விடும், கத்தி வெளிய வரும். (கவுட் இருக்குறவங்களுக்கு யூரிக் ஆசிட் படிகம் இந்தக் கூட்டணியத்தான் உசுப்புதுன்னு 2006ல கண்டுபுடிச்சாங்க, ராத்திரியோட ராத்திரியா கால் பெருவிரல் பத்திக்கிட்டு எரியுறது இதனாலதான்.) வெளிய வந்தது காண்ட்ரோசைட்டு மேல சேதி வாங்குறதுக்குன்னு இருக்குற ரிசெப்டர்ல போயி ஒட்டும், உள்ள என்எஃப்-கப்பா-பிங்கிற சுவிட்ச் விழும், உடனே அந்தச் செல் கொலாஜன வெட்டுற எம்எம்பி-13ங்கிற என்சைமையும், அக்ரிகேன வெட்டுற ஆடம்டிஎஸ் வகை என்சைமையும் சுரக்கும். கட்டுற வேலைய நிறுத்தி வச்சுரும். மொதல்ல அக்ரிகேன் போகும், தண்ணி நிக்காது, மெத்தை மெத்தையா இருக்காது. அக்ரிகேன் போனாலாச்சும் திரும்பச் செஞ்சுக்கலாம், கொலாஜன் வலை அறுந்துச்சுன்னா முடிஞ்சுது.

சரி, ஆபத்துன்னு யாரு சொன்னா? கிருமி இல்லையே முட்டிக்குள்ள? அடிபட்டோ, எடை ஏறியோ, கால் வாட்டம் சரியில்லாமலோ, கொஞ்சமா ஒடஞ்ச ஜவ்வுத் துணுக்குங்க மூட்டுத் தண்ணியில மெதக்கும், சவ்வுல காவலுக்கு இருக்குற மேக்ரோஃபேஜ் செல்லுங்க அதப் பாத்து ஏதோ நடந்துருச்சுன்னு மணி அடிக்கும், மணி அடிச்சா இன்டர்லியூக்கின், இன்டர்லியூக்கின் வந்தா இன்னும் ஜவ்வு ஒடையும், இன்னும் துணுக்கு, இன்னும் மணி. ஆக தேய்மானம் சுத்தப் பொய்யும் இல்ல, அது தீக்குச்சி, எரியுறது வேற.

இந்த மணி அடிக்கிற வேலையில இன்டர்லியூக்கின் மட்டும் தனி ஆள் இல்ல. காம்ப்ளிமென்ட்னு ஒரு புரோட்டீன் குடும்பம் ரத்தத்துல இருக்கு, பாக்டீரியா மேல ஓட்டை போட்டுக் கொல்றது அதோட ஒரு முக்கியமான வேலை. 2011ல ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு குழு, ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் மூட்டுல இந்தக் காம்ப்ளிமென்ட் முழுவீச்சுல வேல பாக்குதுன்னு காட்டினாங்க. அதுல சி5ங்கிற ஒரு புரோட்டீன் இல்லாத எலிக்கு முட்டியில ஆபரேஷன் பண்ணி ஜவ்வக் கெடுத்தாலும் மூட்டு பெருசாக் கெடல, அந்த ஓட்டை விழாமத் தடுக்குற சிடி59ங்கிற காவல் புரோட்டீன் இல்லாத எலிக்கு ரொம்ப மோசமாக் கெட்டுச்சு. ஜவ்வோட துணுக்குங்களே இந்தக் காம்ப்ளிமென்டத் தட்டி எழுப்புதாம். கிருமிக்குன்னு தீட்டி வச்ச ஆயுதம் நம்ம ஜவ்வு மேலயே பாயுது. இம்யூனிட்டிய ஏத்துற பவுடர்னு தெனம் நாலு பேரு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க, மூட்டு வலிக்கும் நல்லதுன்னு கீழ ஒரு வரி வேற, இதப் படிச்சதுக்கு அப்புறம் அதப் பாத்தா சிரிப்புதான் வருது, இங்க பிரச்சனையே இம்யூனிட்டி வேண்டாத எடத்துல வேல பாக்குறதுதானய்யா.

இது வரைக்கும் அம்மாகிட்ட கத மாதிரி சொல்லிக்கிட்டே வந்தேன், அவங்களும் உம் கொட்டிட்டு கடைசில கரெக்டா கேட்டாங்க, "அப்போ அந்தப் புரோட்டீனப் புடிச்சு அடைச்சுட்டா சரியாயிருமாடி?"

எல்லாரும் அதத்தான் நெனச்சாங்க. நானும்தான். அதுக்கு மருந்தும் இருந்துச்சு. இன்டர்லியூக்கின்-1 வந்து ஒட்டுற எடத்துல முன்னாடியே போயி துண்டு போட்டு சீட் புடிக்கிற ஒரு புரோட்டீன் நம்ம ஒடம்புலயே இருக்கு, அதோட நகலத்தான் அனாகின்ராங்கிற பேர்ல மருந்தாக்கி 2001ல அமெரிக்காவுல முடக்குவாதத்துக்கு அனுமதி குடுத்தாங்க. சில பரம்பரைக் காய்ச்சல் நோயில இந்த வகை மருந்து குடுத்தா ஆளே மாறிடறாங்க, அவ்வளவு பலன். அதையே ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இருக்குற 170 பேரோட முட்டிக்குள்ள நேரா ஊசியாப் போட்டுப் பாத்து 2009ல ரிசல்ட் போட்டாங்க. நாலு வாரம் கழிச்சுப் பாத்தா, மருந்து போட்டவங்களுக்கும் சும்மா உப்புத் தண்ணி மாதிரி டம்மி ஊசி போட்டவங்களுக்கும் வித்தியாசம் இல்ல.

அந்த மருந்து ஒடம்புல சில மணி நேரம்தானே நிக்குது, ஒரே ஒரு ஊசியில என்ன தெரியும்னு சொன்னாங்க, நியாயம்தான். சரின்னு ரொம்ப நாள் நிக்கிற, ஆல்ஃபா பீட்டா ரெண்டையும் சேத்துப் புடிக்கிற லூட்டிகிசுமாப்னு ஒண்ணு செஞ்சாங்க. அதையும் சும்மா குடுக்கல, முட்டியில அழற்சி இருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்ச சுமார் 350 பேரப் பாத்துக் குடுத்தாங்க. 2019ல ரிசல்ட். பதினாறு வாரம் கழிச்சுப் பாத்தா 100 மில்லிகிராம் டோஸ்ல வலி கொஞ்சம் கொறஞ்சுது, 200 மில்லிகிராம்ல அதுவும் இல்ல, எம்ஆர்ஐல சவ்வு வீக்கமும் மாறல, ஜவ்வும் மாறல. விரல் மூட்டுக்குக் குடுத்துப் பாத்தது இன்னும் மோசம், ஒண்ணுமே இல்ல. இதே நேரத்துல எலிக்காரங்க என்ன சொன்னாங்கன்னா, இன்டர்லியூக்கின்-1 ஜீனையே எடுத்துட்ட எலிக்கும் ஆபரேஷன் பண்ணா ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் வழக்கம்போல வருதுன்னாங்க, 2003ல வந்த ஒரு ஆராய்ச்சியில அது இல்லாத எலிக்கு இன்னும் வேகமாவே வந்துச்சு.

கிண்ணத்துல பாத்தா கொலகாரன், எலியில பாத்தா அப்பாவி, மனுஷன்ல கைது பண்ணாலும் திருட்டு நிக்கல. இத அம்மாகிட்ட சொன்னதும் "இதுக்கா இத்தன நாளா கண்ணக் கெடுத்துக்கிட்ட"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எனக்கும் அன்னைக்கு சப்புன்னு ஆயிருச்சு, ரெண்டு வாரம் எதையும் படிக்கல.

திரும்ப உக்காரவச்சது, மூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆராய்ச்சி. கான்டோஸ்னு பேரு, ஹார்ட் அட்டாக் வந்து பொழச்ச 10,061 பேருக்கு, ரத்தத்துல சிஆர்பி (ஒடம்புல அழற்சி இருந்தா ஏறுற ஒரு புரோட்டீன்) 2க்கு மேல இருக்குறவங்களாப் பாத்து, இன்டர்லியூக்கின்-1 பீட்டாவ அடக்குற கனாகினுமாப் ஊசிய மூணு மாசத்துக்கு ஒரு தடவ வருஷக்கணக்காப் போட்டாங்க, மறுபடி ஹார்ட் அட்டாக் வருதான்னு பாக்க. 2017ல வந்துச்சு அது. அப்புறம் யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோணியிருக்கு, இவங்கள்ல எத்தன பேரு முட்டியோ இடுப்போ மாத்துற ஆபரேஷனுக்குப் போனாங்கன்னு ரெக்கார்டப் பொரட்டிப் பாப்போமேன்னு. 2020ல அதப் போட்டாங்க. டம்மி ஊசி போட்டவங்கள்ல நூறு பேர ஒரு வருஷம் பாத்தா 0.54 ஆபரேஷன், மருந்து போட்டவங்கள்ல 0.31. அதாவது நூத்துக்கு நாப்பது பங்குக்கு மேல கொறஞ்சிருக்கு.

இங்க குதிக்கக் கூடாது, நான் குதிச்சேன், அதனால சொல்றேன். இந்த ஆராய்ச்சி முட்டிக்காகத் திட்டம் போட்டு நடந்தது இல்ல, பின்னாடி தேடிப் பாத்தது, ஆபரேஷனுக்குப் போனவங்க எண்ணிக்கையே கம்மி, எக்ஸ்ரே எடுத்து யாரோட ஜவ்வையும் அளக்கல. எல்லாரும் சிஆர்பி ஏறியிருந்த இதய நோயாளிங்க, எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு இது பொருந்துமான்னு சொல்ல முடியாது. அந்த மருந்து போட்டவங்கள்ல தொத்து வந்து செத்துப் போறதும் கொஞ்சம் கூடுச்சு, கிருமிய எதிர்க்குற புரோட்டீன அடைச்சா வேற என்ன ஆகும். முட்டி வலிக்காக இத யாரும் போட்டுக்கப் போறது இல்ல.

ஆனா எனக்கு ஒண்ணு தோணுது, இது என் எண்ணம்தான். நாலு வாரத்துலயும் பதினாறு வாரத்துலயும் பாத்தது முக்கியமா வலிய. வருஷக்கணக்குல பாத்தது மூட்டோட கதிய. இருபது வருஷமா மெதுவா எரிஞ்ச ஒரு வெறகுக்கு ஒரு மாசம் தண்ணி தெளிச்சுட்டு வீடு திரும்ப வந்துருச்சான்னு பாத்தா வராது. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் ஒரே வியாதியும் இல்ல போல, ஒருத்தருக்கு அடிபட்டு ஆரம்பிக்கும், ஒருத்தருக்கு எடையால, ஒருத்தருக்கு கால் வளைவால, அதுல அழற்சி தூக்கலா இருக்குறவங்க ஒரு பங்குதான். எல்லாரையும் ஒரே வரிசையில நிக்க வச்சு ஒரே புரோட்டீன அடக்குனா சராசரியில எதுவுமே தெரியாமப் போகத்தான் செய்யும். 2023ல வந்த ஒரு ஆராய்ச்சியில கை மூட்டுல அழற்சி இருக்குன்னு தெரிஞ்சவங்கள மட்டும் பொறுக்கி எடுத்து மெத்தோட்ரெக்சேட்டுங்கிற முடக்குவாத மருந்த ஆறு மாசம் குடுத்தப்போ வலி ஓரளவு கொறஞ்சிருக்கு, பெருசா இல்ல, ஓரளவு.

வலியையும் மூட்டையும் குழப்பிக்கிட்டா என்ன ஆகும்னு ரெண்டு கத இருக்கு. முட்டிக்குள்ள ஸ்டீராய்டு ஊசி, அழற்சிய அடிச்சு அமுக்குறது, 140 பேருக்கு மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வருஷம் போட்டுப் பாத்தாங்க, 2017ல ரிசல்ட். உப்புத் தண்ணி போட்டவங்களவிட ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு ஜவ்வு கொஞ்சம் அதிகமாவே மெலிஞ்சிருந்துச்சு, ரெண்டு வருஷக் கடைசில வலியில வித்தியாசமும் இல்ல. எப்பவாச்சும் ஒண்ணு போடுறது வேற, அது சில வாரத்துக்குக் கேக்கும், அம்மாவும் போட்டுக்கிட்டாங்க. இன்னொரு கத டனெசுமாப், இது இம்யூன் புரோட்டீன அடக்குறது இல்ல, நரம்ப வளக்குற என்ஜிஎஃப்ங்கிற புரோட்டீன அடக்குறது. வலி கொறஞ்சுது, ஆனா சிலருக்கு மூட்டு மளமளன்னு கெட்டுப் போச்சு, 2021ல அமெரிக்காவுல ஆலோசனைக் குழு 19க்கு 1னு வேண்டாம்னு ஓட்டுப் போட்டுருச்சு.

எடை விஷயத்துக்கு வர்றேன், இது எல்லாருக்கும் புடிக்காத டாபிக், எங்கம்மாவுக்கு சுத்தமா. ஒரு கிலோ கொறச்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் கொறையும்னு அளந்திருக்காங்க, அது பார விஷயம். ஆனா கொழுப்புங்கிறது சும்மா தொங்குற மூட்டை இல்ல, லெப்டின், இன்டர்லியூக்கின்-6ன்னு சேதி அனுப்பிக்கிட்டே இருக்குற ஒரு உறுப்பு, விரல் மூட்டுக் கதைக்கு அதுல ஒரு பாதி விடை இருக்கு. 2024ல எடை கொறைக்கிற செமாக்ளூடைட் ஊசிய, பருமனும் முட்டி வலியும் இருக்குற 407 பேருக்கு 68 வாரம் குடுத்துப் பாத்தாங்க, நூத்துக்கு எழுபது சொச்சம் இருந்த வலி மார்க் 41.7 கொறஞ்சுது. டம்மி ஊசிக்காரங்களுக்கும் 27.5 கொறஞ்சுது, அவங்களுக்கும் டயட் எக்சர்சைஸ் அட்வைஸ் உண்டு, இருந்தாலும் சும்மா ஊசிக்கே இவ்வளவு கொறையுதுன்னா, வலிய வச்சு ஒரு மருந்த எடை போடுறது எவ்வளவு கஷ்டம்னு இதுலயே தெரியுது பாருங்க. எடை கொறஞ்சதால பலனா, அழற்சி அடங்குனதால பலனா, ரெண்டும் கலந்து கெடக்கு, பிரிச்சுச் சொல்ல இந்த ஆராய்ச்சியில வழி இல்ல.

2020 கணக்குப்படி உலகத்துல 59 கோடியே 50 லட்சம் பேருக்கு இது இருக்கு, இவ்வளவு பேருக்கு இருக்குற ஒரு வியாதியோட போக்க மாத்துற மருந்து இன்னும் ஒண்ணுகூட கடைக்கு வரல. இருக்குறது எல்லாம் வலிக்கு, கடைசில மூட்டு மாத்துறதுக்கு. எனக்கு அதுல கோவம் இருக்கு, "வயசானா வர்றதுதான்"னு ஒரு வரியில முடிச்சுட்டதால ரொம்ப காலம் யாரும் அவசரப்படலையோன்னு ஒரு சந்தேகமும் இருக்கு.

அம்மா இப்போ எப்படி இருக்காங்கன்னா, வீக்கம் வடிஞ்சிருச்சு, வலி முழுசா போகல. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் குடுத்தபடி முட்டிக்கு அடியில துண்டச் சுருட்டி வச்சு அமுக்குறது, காலை நீட்டித் தூக்குறதுன்னு காலையில ஒரு பதினஞ்சு நிமிஷம், தொடைச் சதை கெட்டியாச்சுன்னா முட்டிக்குப் போற அதிர்ச்சிய அது வாங்கிக்கும். பத்து எண்ணச் சொன்னா எட்டுலயே பத்துன்னு முடிச்சுருவாங்க. வாக்கிங்கும் ஆரம்பிச்சாச்சு.

நேத்து போன்ல பெரியம்மாகிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க, "தேய்மானம்லாம் இல்லக்கா, உள்ள ஒரு புரோட்டீன் கெடந்து கலாட்டா பண்ணுதாம், என் பொண்ணு கண்டுபுடிச்சுட்டா"ன்னு. நான் கிச்சன்ல இருந்து ஓடி வந்து, "அம்மா, நான் கண்டுபுடிக்கல, அந்தப் புரோட்டீன் மட்டும்தான் காரணம்னும் சொல்ல முடியாது, தேய்மானம் சுத்தமா இல்லன்னும் சொல்ல முடியாது"ன்னேன். போன கையால மூடிக்கிட்டு என்னைப் பாத்தாங்க.

"போடி, ஒண்ண உருப்படியாச் சொல்ல மாட்ட."